முதலில் எழுதிய விதி

திட்டத்தில் நான்கு கட்டங்கள்.
வரைபடத்தில் நான்கு நிறங்கள்.
பச்சையில் கிணறு, பாதை, உரக் கழிவறை.
நீலத்தில் பொதுச் சமையலறை.
மஞ்சளில் வீடுகள், பதினொன்று.
நான்காவது கட்டத்துக்கு ரைமோ
ஆரஞ்சு தீட்டியிருந்தான்,
அதில் என்ன வரும் என்று எழுதவில்லை.
"போய்ச் சேர்ந்தால் தெரியும்" என்றான்.
கைதட்டினோம்.

வாங்கியது
எஸ்தோனியாவின் தென்கிழக்கு மூலையில்
பூட்டிக் கிடந்த ஒரு மாட்டுக் கொட்டகை.
இருநூறு பசுக்கள் நின்ற சிமெண்டுத் தரை,
சுற்றிலும் பதினாறு ஹெக்டேர் புல், பிர்ச், சதுப்பு.
கூரை முழுக்க ஆஸ்பெஸ்டாஸ்.
அதைக் கழற்றி அனுப்பும் செலவு
நிலத்தின் விலையைத் தாண்டும் என்பதைக்
கையெழுத்திட்ட பிறகுதான்
கூட்டிப் பார்த்தேன்.
கணக்கு என் பொறுப்பு.
ஒரு வாரம் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

ஊரில் ஒரே ஒரு கடை.
கல்லாவில் ஊர்வே.
ஆணியும் ஈஸ்ட்டும் வாங்கப் போனபோது
சில்லறையை எண்ணிக்கொண்டே கேட்டாள்:
"மறுபடியும் கூட்டுப்பண்ணையா?"
அந்தக் கொட்டகையில்
பள்ளி முடித்த கையோடு நுழைந்து
ஆறு வருடம் பால் கறந்தவள்.
இல்லை, இது கூட்டுறவு,
அவரவர் விருப்பத்தில் சேர்வது என்றேன்.
"சேர்வதை விடு.
வெளியே போவது எப்படி?"
ஐந்து செண்ட் குறைவாகக் கொடுத்தாள்.
கேட்கத் தோன்றவில்லை.

அன்றிரவு சவுனாவில்
வியர்வை சொட்டச் சொட்ட
அந்தக் கேள்வியை எடுத்துப் போட்டேன்.
நாய்களைக் கட்டி வைப்பதா கூடாதா என்று
மூன்று கூட்டம் பேசிய நாங்கள்
இதைப் பேசியிருக்கவே இல்லை.
பிரிகிறவனுக்குப் பங்குத் தொகை திரும்ப வேண்டும்.
எப்போது? மூன்று ஆண்டில், ஆறு தவணையில்.
வட்டி? கிடையாது.
கட்டிய சுவர் இங்கேயே நிற்கும்.
நட்ட ஆப்பிள் கன்று?
அதற்கு மட்டும் நள்ளிரவு தாண்டியது.
கடைசியில் மைரே சொன்னாள்:
"பிடுங்க மனம் வருகிறவன்
பிடுங்கிக்கொண்டு போகட்டும்."
அப்படியே எழுதினேன்.
எங்கள் சட்டத்தின் முதல் விதி அது.
சேர்வதற்கான விதி
ஏழாவதாக வந்தது.

முதலில் அதைப் பயன்படுத்தியவன்
ரைமோ.
நவம்பர்; மாலை நான்குக்கே இருட்டு.
டிரெய்லருக்குள் கிடந்த உருளைக்கிழங்கு
உறைந்து கல்லாகியிருந்தது.
மகளுக்கு விடாத இருமல்,
தார்த்துவில் ஒரு வேலை,
இரண்டு அறை வீடு, சுவரில் சூடு.
சண்டை எதுவும் இல்லை.
சண்டை போட்டிருக்கலாம் என்று
பிறகு சிலர் சொன்னார்கள்.
முதல் தவணையைக் கணினியில் அனுப்பும்போது
என் விரல் கொஞ்சம் நின்றது.
கூரைக்கு வைத்திருந்த பணம்.
அனுப்பினேன்.
அவன் தன் நான்கு கன்றுகளையும்
பிடுங்கவில்லை.
முயல் கடிக்காமல் இருக்க
அடித்தண்டில் வலை மட்டும் சுற்றிவிட்டுப் போனான்.

ஊரில் செய்தி நடக்காது, ஓடும்.
"கொடுத்துவிட்டீர்களாமே?" என்றாள் ஊர்வே.
ஒரு தவணைதான் என்றேன்.
"ஓஹோ."
கம்பளம் முளையும் மாவும்
பையில் போட்டாள்.
வாசல்வரை போய்விட்டேன்,
பின்னாலிருந்து குரல்:
"ஒரு பங்கு என்ன விலை?"
திரும்பினேன்.
"சும்மா கேட்டேன்" என்று
தராசைத் துடைக்கத் தொடங்கினாள்,
ஏற்கனவே சுத்தமாக இருந்த தராசை.

இப்போது பத்துக் குடும்பம்.
கூரையில் கால்வாசி கழன்றிருக்கிறது.
கிணற்று நீரில் இரும்பு அதிகம்;
சோதனை இரண்டாம் முறையும் தோல்வி.
அதில் போட்ட தேநீர்
மை போலக் கறுக்கிறது.
குடிக்கிறோம்.
பச்சைக் கட்டம் முடிய
இந்தக் கோடை போதாது என்று
அறிக்கையில் எழுதியிருக்கிறேன்.

வரைபடம் கொட்டகைச் சுவரிலேயே தொங்குகிறது.
ஈரத்தில் ஆரஞ்சு வழிந்து
மஞ்சள் வீடுகள் இரண்டைத் தொட்டுவிட்டது.
புதிதாக வரைய வேண்டும்.
யார் வரைவது என்பது
வியாழக்கிழமைக் கூட்டத்தில்
நாய்களுக்குப் பிறகு.